பல்லில் கம்பி இருக்கும் வரை

ஜூலை 12, சனி

ஜவுளிக்கடையில் வருஷாவருஷம் கொடுக்கிற டைரி. பாதி வருஷம் போன பிறகு எழுத உட்காருகிறேன். யாரிடமாவது புலம்பினால் அது அடுத்த தெருவுக்குப் போய், கண் காது மூக்கு வைத்து என்னிடமே திரும்பி வரும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

பல்லுக்குக் கம்பி போடுகிற ஜோயல் டாக்டர் கோவில்பட்டிக்குச் சனிக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் திருநெல்வேலியும் சங்கரன்கோவிலுமாக அலைவார். அதனால் சனிக்கிழமையானால் அந்த மாடிப்படியில் நிற்க இடம் இருக்காது. எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், காலேஜ் பிள்ளைகள். முப்பத்தேழு வயதில் நான் ஒருத்திதான். பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை, ஆன்ட்டி நீங்க யாருக்குத் துணைக்கு வந்திருக்கீங்க என்று கேட்டது. வாயைத் திறந்து காட்டினேன். அதற்கப்புறம் அது போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

எனக்கு எத்துப்பல். பள்ளிக்கூடத்தில் என் பெயர் செண்பகவல்லி இல்லை, தேங்காய்த்துருவி. கல்யாண போட்டோவில் உதட்டை இழுத்து மூடிக்கொண்டு, யாரோ கிள்ளிவிட்ட மாதிரி இருப்பேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பிளவுஸ் தைத்து, என் சம்பாத்தியத்தில் போன வருஷம்தான் இந்தக் கம்பியைப் போட்டேன். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டவர்களையெல்லாம் நினைவு வைத்திருக்கிறேன்.

நேற்று திருநெல்வேலியில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். காலையில் எழுந்தால் தலைவலி, சில நேரம் ஒரு ஊசி இரண்டாகத் தெரிகிறது என்று முதலில் கண் டாக்டரிடம் போனேன். அவர்தான் இது கண் கோளாறு இல்லை என்று அங்கே அனுப்பினார். நரம்பு டாக்டர் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே என் வாயைப் பார்த்துவிட்டார். கம்பி இருந்தால் படம் கலங்கிவிடுமாம், கண்ணுக்குப் பின்னால் உள்ள இடம் தெரியாதாம். கழற்றிவிட்டு உடனே வாருங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இன்று ஜோயல் டாக்டர் புதுக் கம்பி மாற்றி இறுக்கினார். என்ன கலர் ரப்பர் போடட்டும் என்று கேட்டார். பச்சை என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை, நானும் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், எப்போது கழற்றுகிறார்கள் என்று. இவர் என்றால் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், மில்லில் வயர்மேன். இன்னும் மூன்று மாதம் தொடவே கூடாதாம், இப்போது எடுத்தால் பல்லெல்லாம் ஆட்டம் கண்டுவிடுமாம் என்றேன். வாய் வலிக்கிறது, கஞ்சி போதும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். வலிக்கத்தான் செய்தது.

ஜூலை 14, திங்கள்

ஆடி பிறக்கவில்லை, அதற்குள் ஆவணிக் கல்யாணத்துப் பிளவுஸ் எல்லாம் வந்து குவிகிறது. முன்னறையில் மிஷினைச் சுற்றி நடக்க வழியில்லை.

டியூப் லைட் சரியில்லை, நூல் கோக்க முடியவில்லை என்று இவரிடம் சொன்னேன். வேலைக்குப் போகும் முன்பே மாற்றிக் கொடுத்தார். அதுவும் சரியில்லை என்றேன். சாயங்காலம் வேறொரு பல்பு வாங்கி வந்து மிஷினுக்கு மேலேயே தொங்கவிட்டார். இப்போது வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, ஊசியில் நூல்தான் நுழைந்தபாடில்லை. துணி கொடுக்க வந்த டீச்சரிடம், கையில் மருதாணி, கொஞ்சம் கோத்துக் கொடுங்க என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். மருதாணி எங்கே இருக்கிறது அங்கே. கோத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்தார். வர வர இவர் எதற்கும் வாயைத் திறப்பதில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எரிச்சலாக வருகிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காலையில் தலைவலி இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 19, சனி

மூன்று மாதம் என்பதெல்லாம் முடியாது, இந்தச் சீட்டைக் காட்டி நேரில் கேள் என்று நரம்பு டாக்டர் எழுதியதைக் கையில் திணித்துவிட்டு இவர் டியூட்டிக்குப் போனார். சரி என்று கிளம்பினேன். நல்ல சேலைதான் கட்டினேன்.

பல் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒரு மருந்துக்கடை. அதன் வாசலில் நின்றேன். மேலே ஏறுகிற பிள்ளைகளுக்கு வழி விட்டு வழி விட்டு, கடைசியில் நான் நகர்ந்து நகர்ந்து ரோட்டுக்கே வந்துவிட்டேன். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஊர் ஊருக்கு இங்கிருந்து கடலைமிட்டாய் போகிறது, உள்ளூர்க்காரிக்குக் கம்பி போட்டதிலிருந்து அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு. ஒரு பாக்கெட் வாங்கி, ஒரு துண்டைக் கடிக்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சாத்தூர் பஸ், எட்டயபுரம் பஸ் எல்லாம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்லம் கரைகிற வரை நிம்மதியாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

டாக்டர் வரவில்லை, திருநெல்வேலியில் ஏதோ அவசரமாம் என்று இவரிடம் சொன்னேன். பொய் சொல்வதும் தைப்பது மாதிரிதான். முதல் தையல் நேராக விழுந்துவிட்டால் மீதி தானாக ஓடும்.

யோசித்துப் பார்த்தால் இது பித்தமாகக்கூட இருக்கலாம். சீரகத் தண்ணீர் குடிக்கிறேன். கம்பி இன்னும் கொஞ்ச நாள் வாயில் இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? கம்பி இருக்கும் வரை ஸ்கேன் கிடையாது. ஸ்கேன் இல்லாத வரை எனக்கு ஒன்றும் கிடையாது.

ஜூலை 22, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

மேலத்தெரு ஜோதிமணியம்மாள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். முகூர்த்தப் பட்டோடு நெய்த பிளவுஸ் துணி, கையில் வைக்கிற ஜரிகைக் கரை அதில் இருப்பது ஒரே ஒரு ஜோடிக் கைக்குத்தான். இன்று வெட்டினேன். சாக்பீஸ் கோடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், ஒன்றானது, வெட்டிவிட்டேன். எடுத்துப் பொருத்திப் பார்த்தால் இரண்டு கையும் இடது கை.

தையல் பழகுகிற பிள்ளைகள் முதல் மாதத்தில் செய்கிற தப்பு. பட்டுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு, அதைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. நான் ஒரு நாளும் செய்ததில்லை. இரண்டு இடது கையையும் மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அந்தத் துணிக்கு எங்கே போவேன்? நான்கு பேரிடம் விசாரித்து என்னைத் தேடி வந்த பொம்பளைக்கு என்ன பதில் சொல்வேன்? அழுதேன். அழுதாலும் இரண்டாகத்தான் தெரிந்தது.

இவர் வந்து கேட்டபோது வெங்காயம் என்றேன்.

ஜூலை 26, சனி

ரேஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் போன மனுஷர் மத்தியானம்தான் வந்தார். பையில் சீனியும் இல்லை, பருப்பும் இல்லை. சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என் மிஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன். அவர் போடவில்லை.

"மூணு மாசம்னு டாக்டர் சொல்லவே இல்லையாமே" என்றார்.

நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். துணி ஒன்றும் அதில் இல்லை.

ஜோயல் டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறார். ஸ்கேன் விஷயமே டாக்டருக்குத் தெரியாதாம். சீட்டைக் காட்டியதும் அவருக்கு முகமே மாறிவிட்டதாம். முக்கால் மணி நேர வேலை, அன்றைக்கே கழற்றியிருப்பேனே, ஏன் மறைத்தார்கள் என்று கேட்டாராம். இன்று கோவில்பட்டியில் நோயாளிக் கூட்டம், முக்கால் மணி நேரம் ஒதுக்க வழியில்லை, வருகிற வியாழக்கிழமை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இவர் அங்கே நின்றுகொண்டே போனில் வெள்ளிக்கிழமைக்கு ஸ்கேனும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். இது என் பல், என் உழைப்பு, பாதியில் கழற்றினால் பழையபடி துருவிதான், உங்களுக்கென்ன என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏளா, நீ பல்லுக்குத்தானா பயப்படுத?"

உலகம்மா அக்காவைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதில்லை என்றிருந்தேன். எழுதுகிறேன். என் கூடப்பிறந்தவள். மதுரைக்கு வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போனாள். தானே நடந்து போய் பஸ் ஏறினாள், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டாள். படம் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதற்கப்புறம் அக்கா எங்கேயும் நடந்து போகவில்லை. வைகாசியில் படம் எடுத்தோம், ஆடியில் எல்லாம் முடிந்தது.

அதைத்தான் இவரிடம் சொன்னேன். பார்க்கிற வரைக்கும் அக்கா நல்லாத்தானே இருந்தாள் என்றேன்.

"நல்லாவா இருந்தா?" என்றார். "ஒரு வருஷமா வலிய வாயத் தொறந்து சொல்லாம மென்னு முழுங்குனா. ஸ்கேனா அவளக் கொன்னுச்சு? பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிருமா? நீயும் இப்ப அதத்தான செய்யுத."

என் அக்காவைச் சொல்ல இவர் யார் என்று கத்தரிக்கோலைத் தூக்கி மேஜையில் போட்டேன். போட்ட வேகத்தில் பாபின் டப்பா கவிழ்ந்து, நூல் சுற்றிய பாபினெல்லாம் கட்டிலுக்கு அடியில் உருண்டது. இவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, எனக்கு யாரு இருக்கா சொல்லு, இந்த வீட்டுல நாம ரெண்டு பேருதான என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் மட்டும்தான் வந்தது, முகம் தெரியவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

சொல்லிவிட்டேனே தவிர, உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பைத் துடைத்தேன், அலமாரியைத் துடைத்தேன், சுத்தமாக இருந்த பரணை இறக்கி மறுபடி ஏற்றினேன். ஜோதிமணியம்மாளைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல் வரலாம். பஸ் ஓடாமல் போகலாம். வராது, ஓடும். என்னை எனக்குத் தெரியும், அன்றைக்கு ஏதாவது ஒரு சாக்கைக் கண்டுபிடித்துவிடுவேன்.

ஜூலை 29, செவ்வாய்

வாயில் பஞ்சு. பேச முடியாது, எழுதலாம்.

காலையில் பல் தேய்க்கும்போது இடது கண்ணில் ஓரமெல்லாம் மங்கி, நடுவில் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சரியாயிற்று. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் பயம் அப்படியே புரண்டுவிட்டது. அதுவரை பார்ப்பதற்குப் பயந்தேன், அதற்கப்புறம் பார்க்காமல் விட்டுவிடுவேனோ என்று பயந்தேன். வியாழக்கிழமை வரை போனால் மறுபடி ஓடிவிடுவேன். இன்றே கழற்றி எறிந்துவிட்டால் ஓடுவதற்குக் காரணம் இருக்காது. இவர் டியூட்டியில் இருந்தார். தைத்ததைப் பிரிப்பதுதானே என் தொழில், இதைப் பிரிக்க எனக்குத் தெரியாதா என்று தோன்றிவிட்டது.

தையல் பிரிக்கிற கத்தியையும் இவருடைய பையிலிருந்து கட்டிங் பிளேயரையும் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். பச்சை ரப்பரெல்லாம் கத்தி முனைக்குச் சுலபமாக வந்தது. அந்தத் தைரியம்தான் கெடுத்தது. கம்பியை ஒரு பக்கம் நறுக்கினேன், நறுக்கிய முனை கன்னத்தில் குத்தியது. பல்லில் ஒட்டியிருக்கிற சின்ன இரும்புத் துண்டுக்கு அடியில் கத்தியைக் கொடுத்து நெம்பினேன். வரவில்லை. பிளேயரால் பிடித்துத் திருகினேன். டப் என்று வந்தது. கையில் பார்த்தால் இரும்போடு பல்லின் ஓரமும் ஒரு சில்லு ஒட்டியிருந்தது. அடுத்ததை எடுக்கப் போனால் கண்ணாடியில் இரண்டு பல் தெரிகிறது, எது என் பல் என்று தெரியவில்லை. கத்தி வழுக்கி உதட்டில் ஏறிவிட்டது.

இவர் வந்தபோது நான் தரையில் இருந்தேன், முந்தானையெல்லாம் ரத்தம். என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். இனி எதையும் தொடக் கூடாது, குத்துகிற முனையில், கம்பி போட்டபோது கொடுத்த மெழுகை வையுங்கள், ரத்தம் நிற்கிற வரை பஞ்சை அழுத்திப் பிடியுங்கள், நிற்காவிட்டால் உடனே பக்கத்து ஆஸ்பத்திரி, நின்றால் நாளைக் காலையில் திருநெல்வேலிக்கு வாருங்கள், வியாழன் வரை வேண்டாம் என்றாராம். நின்றுவிட்டது.

பிளேயரைக் கழுவித் துடைத்து, பையோடு என் கைக்கு எட்டாமல் பரணில் ஏற்றினார்.

ஜூலை 30, புதன்

கழற்றியாயிற்று.

பஸ்ஸில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போனேன். திட்டு விழும் என்று தெரியும். ஜோயல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினார்.

"என்னத்த வச்சு நெம்புனீங்க?" என்றார்.

தையல் பிரிக்கிற கத்தி என்று இவர் சொன்னார்.

"அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை போகாதுங்கக்கா. இது துணி இல்ல. பசைதான் விடணும், பல்லு விடக் கூடாது. அந்த வித்தியாசத்துக்குத்தான் நாங்க அஞ்சாறு வருஷம் படிக்கிறோம்."

அவ்வளவுதான் திட்டு. பிறகு தன்னுடைய பிளேயரைக் காட்டினார். பார்ப்பதற்கு இவருடையதைப் போலத்தான், முனை மட்டும் வேறு மாதிரி. பிடித்து இழுப்பதில்லையாம், அந்த இரும்புத் துண்டின் அடியை இரண்டு பக்கத்திலிருந்தும் அமுக்குவதாம். அமுக்கினால் அது தானாக வளைந்து பசையை விட்டு விலகும். ஒவ்வொரு பல்லுக்கும் தன் விரலை முட்டுக் கொடுத்துக்கொண்டு அமுக்கினார். டிக், டிக் என்று தட்டில் விழுந்தது. வலிக்குமா என்று இறுக்கிப் பிடித்திருந்த கை நாலாவது ஐந்தாவதில் தானாகத் தளர்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பல்லில் மிஞ்சியிருந்த பசையைச் சின்ன மிஷினால் பையப் பையத் தேய்த்து எடுத்தார். சூடேறாமல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்த நாசத்துக்கு மட்டும் அவருக்கு அரை மணி நேரம் ஆனது. சில்லு போன பல்லுக்குப் பல் நிறத்திலேயே ஏதோ வைத்து, விளக்குப் பிடித்து இறுக்கினார். உதட்டுக்குத் தையல் வேண்டாம், ஆறிவிடும் என்றார்.

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. சிலபேர் பயந்தால் டாக்டரை மாற்றுவார்கள், சிலபேர் தேதியை மாற்றுவார்கள் என்று மட்டும் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். என்னைச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பல் வரிசையில் இன்னும் கொஞ்ச வேலை பாக்கி இருந்ததாம். அது கிடக்கட்டும், முதலில் தலையைப் பாருங்கள் என்றார். அளவு எடுத்திருக்கிறார், பல் நகராமல் இருக்கப் பிளேட் செய்து தருவாராம். கையில் கண்ணாடியைக் கொடுத்தார்.

பார்த்தேன். உதடு வீங்கி, ஒரு பக்கம் கன்றிப்போய், நடுவில் நேராக, வரிசையாகப் பல். என்னுடையது. நாக்கால் தடவிப் பார்த்தால் வழவழவென்று வழுக்குகிறது. எத்தனை வருஷ ஆசை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இனி எதைச் சொல்லித் தப்பிப்பேன்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் இரும்பு, தங்கம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கொலுசு, வளையல், ஹேர்பின் எல்லாம் கழற்றியாயிற்று. தாலியும்தான். அக்கா அன்றைக்குத் தாலிச் செயினைக் கழற்றி என் கையில்தான் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எடுத்த கையோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதால் அதைத் திரும்ப அவள் போட்டுக்கொள்ளவே இல்லை.

இவருக்கு அது நினைவிருந்திருக்கிறது. நான் சொல்லாமலே மஞ்சள் துண்டு கோத்த கயிறு வாங்கி வைத்திருந்தார். ஸ்கேன் அறைக்கு வெளியே, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் கட்டினார். நர்ஸ் அவசரப்படுத்தவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. முடிச்சுப் போட்டுவிட்டு, போயிட்டு வா, நான் இங்கதான் இருக்கேன் என்றார்.

பல்லில் கம்பி இருக்கா என்று உள்ளே கேட்டார்கள். இல்லை என்றேன்.

ஒரே சத்தம். மில்லுக்குள் படுத்த மாதிரி இருந்தது. அசையக் கூடாது என்றார்கள். நானாவது, அசையாமல் இருப்பதாவது! ஆனாலும் இருந்தேன். வெளியே வந்தபோது இவர் அதே இடத்தில் நின்றார். தாலியைச் சட்டைப் பையில்கூட வைக்கவில்லையாம். உள்ளங்கையை விரித்தார், செயின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செவ்வாய்க்கிழமைதான் சொல்வார்கள். வீட்டில் இருக்கிற எல்லாத் துணியையும் துவைத்துவிட்டேன். துவைத்த துணியையும் துவைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கட்டி இருக்கிறது.

கண்ணுக்குப் போகிற நரம்புக்குக் கீழே, நாவல்பழம் அளவுக்கு. நரம்பு டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்தபோது நான் தரையைப் பார்த்தேன். பிறகு பார்த்தேன். இந்த இடம்தான், கம்பியோடு எடுத்திருந்தால் இதுதான் கலங்கியிருக்கும் என்றார். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் போன பார்வை திரும்பியிருக்காது என்றும் சொன்னார். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை, மூக்கு வழியாகவே எடுத்துவிடலாமாம். மதுரையில் ஆவணி பிறந்ததும் ஆபரேஷன். கெட்ட கட்டியா என்று இவர் கேட்டார். கேட்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் இருக்க.

"இந்த இடத்துல வர்றது பெரும்பாலும் கெட்டதா இருக்காதும்மா. ஆனா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பாம நான் உறுதியாச் சொல்லக் கூடாது."

பஸ்ஸில் வரும்போது இவர் தூங்கிவிட்டார். எத்தனை நாள் தூக்கமோ. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், பயமாக இருக்கிறது.

ஜோதிமணியம்மாள் வீட்டுக்குப் போய் இரண்டு இடது கையையும் எடுத்துப் போட்டேன். உள்ளதைச் சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் துணியைப் பார்த்தது, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது. கைக்கு வேறு கலர் பட்டு வைத்துத் தை, இப்போது அதுதான் பேஷனாம் என்று மகளே சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

பிளேட் வாங்கக் கோவில்பட்டி மாடிக்கே போனேன். இவர் கீழே வண்டியோடு நின்றார்.

மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஜோயல் டாக்டர் மாட்டிப் பார்த்து, இடிக்கிற இடத்தைத் தேய்த்து, மறுபடி மாட்டினார். என்னையே இரண்டு தடவை கழற்றி மாட்டச் சொன்னார். ஸ்கேனில் வந்ததை இவர் போனில் சொல்லியிருந்தார் போல. ஆபரேஷன் அன்றைக்கு மட்டும் இதைக் கழற்றிவிடுங்கள், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார். மற்றபடி சாப்பிடும்போது தவிர எந்நேரமும் வாயில் இருக்க வேண்டுமாம், ஒரு வருஷம் கழித்து ராத்திரி மட்டும் போட்டால் போதுமாம்.

எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன்.

"ஆயுசுக்கும்தான்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கும். குழாயைத் திறந்து, கழுவிய பிளேட் டப்பாவையே மறுபடி கழுவினார்.

"ஒரு பிளேட் எத்தன வருஷம் வரும்?" என்றேன். பிளேட்டோடு பேசினால் வார்த்தை எச்சிலில் வழுக்குகிறது.

"பத்திரமா வச்சுக்கிட்டா நாலஞ்சு வருஷம். தேஞ்சா வேற செஞ்சுக்கலாம்."

"அப்ப ஒரு பத்து வருஷத்துல இன்னொரு ரெண்டு செட்டாவது செய்யணும்."

"செய்யணும்."

"நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை வந்துக்கிட்டுதான் இருப்பீங்க?"

அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "நீங்க வாங்கக்கா, நான் வருவேன்" என்றார்.

வெளியே தேதி எழுதுகிற பெண்ணிடம் போனேன். அடுத்த செக்கப் ஆறு மாதம் கழித்து. ஆபரேஷன் எல்லாம் நல்லபடியா முடிஞ்ச பிறகு போன் பண்ணிட்டு வாங்கக்கா, இப்ப எதுக்கு என்று அவள் சொன்னாள். இப்போதே எழுது என்றேன். அடுத்த வருஷத்து நோட்டு இன்னும் வரவில்லை, டிசம்பரோடு முடிகிறது என்றாள். அட்டையில் எழுது என்றேன். பின்னால் நின்ற பிள்ளைகளெல்லாம் என்னைப் பார்த்தன. பார்க்கட்டும். அவள் போனில் காலண்டரைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை என்று என் அட்டையின் பின்பக்கம் எழுதினாள்.

காலையிலயா, சாயங்காலமாக்கா என்று கேட்டாள்.

"காலையில. மொத ஆளா என் பேரப் போடு" என்றேன்.